தோணியின் ஊர்வலம்

காட்டில் கூடாரம் போட்டுத் தங்க வந்த இரண்டு பேர், ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குத் தங்கள் தோணியைக் கவிழ்த்துத் தலையில் சுமந்து போனார்கள். உள்ளே பலகையில் துடுப்பும் கருவாட்டுப் பையும் கட்டப்பட்டிருந்தன. தோணிக்கு ஒரே குஷி.

“பார்த்தியா துடுப்பு! தண்ணியில என் மேல ஏறி உட்கார்ந்தவங்க, இப்போ என்னைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுறாங்க!”

எதிரே ஒரு கரடி வந்தது. இருவரும் தோணியைத் தொப்பென்று போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார்கள்.

“ஐயோ, கரடி!” என்று அலறியது தோணி. கரடியோ மோப்பம் பிடித்தபடி அதன் அடியில் தலையை நுழைத்து, அப்படியே எழுந்து நடந்தது.

“அடி சக்கை! கரடியே என்னைத் தூக்கிடுச்சு!”

“அது கருவாட்டைத் தேடுதுடா,” என்றது துடுப்பு.

“உனக்குப் பொறாமை! கரடியண்ணே, கொஞ்சம் மெதுவா நடங்க, எல்லாரும் பார்க்கட்டும்!”

கரடிக்குப் பை கிடைத்துவிட்டது. மென்று பார்த்து, “உப்பு ஜாஸ்தி” என்று முணுமுணுத்தபடி தோணியைப் புதரில் வீசிவிட்டுப் போனது.

மல்லாந்து கிடந்த தோணி மூச்சு வாங்கியது.

“டேய் துடுப்பு, நல்லா எட்டிப் பாரு. அடுத்து என்னைத் தூக்க யார் வர்றாங்க?”