மேட்டு வளைவில் கேட்க வேண்டும்

“சத்தம் பத்தாது பிரேம். எங்க ஊரு ரோட்டு மேட்டு வளைவுல நல்லாக் கேக்கணும்.”

தாமரைச்செல்வி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாசலூர்பட்டி ஏரிக்குப் போகும் சாலையில் இருந்த பட்டறையில், அந்தப் பெரிய டூரிங் பைக் முகப்பு கழற்றப்பட்டு நின்றது. இறந்துபோன அவள் கணவன் மாதேஸ்வரனின் வண்டி.

“இன்னும் மாட்டலீங்க அக்கா, ஒயரை மட்டும் தொட்டுப் பாத்தேன். ரிங்கு வெச்சு இறுக்கினா பாருங்க, மலையில அந்தக் கோடி குண்டூர் நாடு வரைக்கும் கேக்கும்” என்றான் மெக்கானிக் பிரேம்.

வண்டியின் ஸ்பீக்கர் துளை பெரிது. மிளகு விற்றதும் சேலம் போய் அவள் வாங்கிவந்த ஸ்பீக்கர் சிறிது. இரண்டுக்கும் நடுவில் உட்காரத்தான் அந்தக் கறுப்பு அடாப்டர் ரிங். அது ஒரு பக்கம் இடித்தது. பிரேம் உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்தான்.

மேட்டு வளைவு அவனுக்குத் தெரியும். மாதேஸ்வரனை அடக்கம் செய்தது அந்த வளைவை ஒட்டித்தான். தேய்த்துக்கொண்டே, ‘நான் போய்விட்டால் கவிதா எனக்காக ஒரு ஹார்னாவது அடிப்பாளா?’ என்று நினைத்துக்கொண்டான். மனைவியைப் பற்றிய அந்தச் சந்தேகம் அவனுக்கே வெட்கமாக இருந்தது. போயும் போயும் செத்தவன் மேல் பொறாமை!

“இந்தா தாமரை! என்ன நடக்குது இங்க?”

மாதேஸ்வரனின் அண்ணன் சென்னியப்பன் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்தார்.

“ஸ்பீக்கர் மாட்டறேனுங்க மாமா.”

“இன்னும் வருசம் கழியல. துக்க ஊட்டுல கொட்டுச் சத்தமே ஆகாதுன்னு கல்யாண மைக் செட்டுக்காரனே நம்ம தெருவுல நிறுத்திட்டுப் போறான். நீ பாட்டுப் போட்டுட்டு ரோட்டுல போவியா?”

“போவேனுங்க.”

“பொம்பள இந்த வண்டிய ஓட்டறதுக்கே ஊரு சிரிக்குது.”

“சிரிக்கட்டுமுங்க. சும்மா சிரிக்கறதுக்குப் பாட்டுக் கேட்டுக்கிட்டே சிரிக்கலாமில்ல?”

பிரேமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சென்னியப்பன் அவன் பக்கம் திரும்பினார்.

“கழட்டுடா அதை!”

திருப்புளியோடு பிரேமின் கை நின்றது. அவள் கெஞ்சவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

“நீ இறுக்கு பிரேம்.”

அவனுக்குள் என்னவோ பொங்கியது.

“ஏனுங்க பெரியவரே, செத்தவங்களுக்குச் செய்யறதைத் தடுக்கலாமுங்களா? உங்க தம்பி படுத்திருக்கற எடத்துல கேக்கணும்னு அக்கா காலையில இருந்து காத்துக் கெடக்குது. மனசுல எவ்வளவு இருந்தா இப்படிச் செய்யும்? அவரு காதுல விழட்டும், விடுங்க!”

சென்னியப்பன் அவனை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“நீங்களே சொல்லுங்க மாமா” என்றாள் அவள் மெதுவாக. “இல்ல, நான் சொல்லட்டுங்களா?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

“பாவமுங்க. அழுகைய அடக்கிட்டுப் போறாரு” என்றான் பிரேம்.

அவள் ஹெல்மெட்டை எடுத்துத் துடைத்தாள்.

ரிங் இப்போது கச்சிதமாக உட்கார்ந்தது. கடைசித் திருகையும் இறுக்கி முகப்பை மாட்டி, பாட்டைப் போட்டான். மேளமும் நாயனமும் அதிர, எதிர்க் கடையில் பலாச்சுளை தின்றுகொண்டிருந்த டூரிஸ்டுகள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கும் ஒரு கடகடப்பு இல்லை.

“இப்பப் போதுங்களா அக்கா?” அவன் கண் கலங்கியிருந்தது. “இது அண்ணனுக்கு ரொம்பப் புடிச்ச பாட்டுங்களா?”

தாமரைச்செல்வி வண்டியில் ஏறி உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டினாள்.

“அவருக்கா? நான் வாய்க்குள்ள முணுமுணுத்தாலே கன்னம் வீங்கற மாதிரி அறைவாரு பிரேம்” என்று சொல்லிவிட்டு, சத்தத்தைக் கடைசி வரை திருகினாள். “இப்ப எந்திரிச்சு வந்து நிறுத்தட்டும், பாக்கலாம்!”