வலிமிகும் இடம்

சனவரி 22, 2061. என் குறை இது: எங்கள் வீட்டில் உடற்பயிற்சி நடத்தும் பேசும் சுவர் இன்று என்னை நோயாளிப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

இப்போதைய சட்டப்படி, எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள் பத்துக் கிலோவைத் தூக்கிக் காட்டினால்தான் பணியாள் துணையின்றித் தனித்து வாழலாம். இன்று எனக்குத் தேர்வு. தூக்குவதற்கு முன் சுவர் வினவியது: “வலிமிகும் இடம் எது?”

முப்பத்தாறு ஆண்டுகள் இலக்கணம் கற்பித்தவன் வேறென்ன விடையளிப்பான்? “அந்த, இந்த, எந்த என்பவற்றின் பின்” என்றேன்.

பின்புறம் முழுதும் வலி என்று பதிந்துகொண்டு, சுவர் என்னைப் படுக்கைப் பயிற்சிக்கு இறக்கியது, பணியாளையும் வரவழைத்தது.

என் மனைவி அலர்மேல்வல்லி வயிறு குலுங்கச் சிரித்தாள். “ஏங்க, அது உடம்பைக் கேட்டுச்சு. நீங்க க், ச், த், ப்-ன்னு பாடம் நடத்துறீங்க!”

“வினாவில் வழு இருக்கிறது.”

“இருந்துட்டுப் போகட்டும். வலி இல்லைன்னு சொல்லிட்டுத் தூக்குங்க. நம்ம வீட்டுக்குள்ள வேத்தாள் வேணாம்.”

சொன்னேன், தூக்கினேன். பதினொரு மாதப் பயிற்சியும், தின்ற சுண்டலும் முட்டையும் வீண்போகவில்லை. பணியாள் வாசலோடு திரும்பினார். நாங்கள் இருவர் மட்டும் நிம்மதியாகக் காப்பி அருந்தினோம்.

வாசகரே, உங்களுக்கும் ஒருநாள் இந்தத் தேர்வு வரும்; பயிற்சியாகக் கைப்பிடியைத் தொடாமல் நாற்காலியிலிருந்து இப்போதே எழுந்து நில்லுங்கள்.