லிஃப்டா

பாலஸ்தீனத்தில் அழிக்கப்பட்ட ஊர்களைப் பற்றிய ஆய்வேட்டைப் பொன்மாரி தட்டச்சுக் கடையில் அடித்து முடித்தாள். ஐ.நா.வில் தீர்மானம் போட்ட நாடுகளின் பெயர்களைக் கணினி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. பின்னிணைப்பில் இருந்த நானூறு ஊர்ப்பெயர்களின் கீழும் பிழையென்று சிவப்புக் கோடு போட்டது. ‘லிஃப்டா’ என்ற ஊரை ‘லிஃப்ட்’ என்று மாற்றட்டுமா என்று கேட்டது.

“ஏட்டி, அது சொல்லுதபடி மொத்தமா மாத்திரு. அஞ்சு மணிக்குள்ள பைண்டிங்குக்குப் போணும்,” என்றார் கடைக்கார அண்ணாச்சி. “இல்லாத ஊருக்கு எழுத்துப்பிழை பாத்து என்ன ஆகப்போவுது?”

“ஊரத்தான் இடிச்சாங்க அண்ணாச்சி. பேர நாம இடிக்கணுமா?”

‘அகராதியில் சேர்’ என்பதை அழுத்தினாள். லிஃப்டாவின் கீழிருந்த கோடு மறைந்தது.

அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அடுத்த ஊருக்குப் போனாள்.