எதிரெதிரே இரண்டு பஸ்

வெளியே குழந்தை அழுதது.

கிருஷ்ணகுமாரியின் பேனா பதினேழாவது கணக்கில் நின்றுவிட்டது.

வேறு யாருடைய பிள்ளையாகவும் இருக்கலாம் என்று மனதைத் தேற்றிப் பார்த்தாள். மார்பு கேட்கவில்லை. ரவிக்கை நனையத் தொடங்கிவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பரீட்சை முடிகிற நேரத்துக்கு மகனைக் கொண்டுவந்தால் போதும் என்றுதான் புருஷனிடம் சொல்லியிருந்தாள். யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கிற தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கேகாலைக்கு ஆட்டோ என்ன வேகத்தில் வரும், எப்போது புறப்பட வேண்டும், எல்லாம் அவளே போட்டுக் கொடுத்த கணக்கு. இந்த மனுஷன் எதற்கு இவ்வளவு சீக்கிரம் வந்து தொலைத்தார்?

நூற்றுப்பத்து கிலோமீற்றர் தூரம். எதிரெதிரே இரண்டு பஸ். ஒன்றின் வேகம் மணிக்கு நாற்பது. மற்றதன் வேகம் ஐம்பது, ஆனால் அது அரை மணித்தியாலம் பிந்திப் புறப்படுகிறது. அது புறப்பட்டு எவ்வளவு நேரத்தில் இரண்டும் சந்திக்கும்?

வயிற்றுப் பிள்ளையோடு, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடி, இந்த மாதிரிக் கணக்குகளைக் கட்டுக்கட்டாகச் செய்து பார்த்தவள். இப்போது வேகங்களைக் கூட்டுவதா கழிப்பதா என்பதே மறந்துவிட்டது. கழித்தாள். ஒன்பது மணித்தியாலம் என்று வந்தது.

ஒன்பது மணித்தியாலம் பிள்ளை பசி தாங்குமா?

எழுந்து போகலாம். போனால் திரும்ப வர முடியாது என்று மேற்பார்வையாளர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். அரசாங்க உத்தியோகம். இனி ஒரு தடவை எழுத வயது இடம் கொடுக்காது. விட்டால் காலம் முழுக்க இறப்பர் மரத்தில் பால் வெட்டுவதுதான்.

முன் மேசையிலிருந்த ஜெஸீமா திடீரென்று எழுந்தாள். ருவான்வெல்லைக் கடைத்தெருக்காரி, காலையில் பள்ளிக்கூடக் கேட்டடியில்தான் பழக்கம். விடைத்தாளைப் பாதியிலேயே கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

கணக்கு வரவில்லை போலிருக்கிறது. பாவம் என்று நினைப்பதற்கு முன்பே, போட்டிக்கு ஒரு ஆள் குறைந்தது என்று கிருஷ்ணகுமாரிக்குச் சந்தோஷம் வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அழுகை சட்டென்று நின்றது.

அதுதான் இன்னும் பயமாக இருந்தது. போத்தலை வாயிலேயே வைக்காத பிள்ளை. அழுது அழுது மூச்சு முட்டிவிட்டதோ? தூங்கியிருப்பான், தூங்கியிருப்பான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, போட்ட விடையை வெட்டினாள். வேகங்களைக் கூட்டினாள். ஒரு மணித்தியாலம். மிச்சக் கேள்விகளை எப்படி எழுதினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

மணி அடித்ததும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

பக்கத்து வெற்று வகுப்பறையின் வாசலில் புருஷன் சுதாகரன் உள்பக்கத்துக்கு முதுகைக் காட்டிக் காவல் நின்றான். கையில் பால் போத்தல், ஒரு வாய்கூடக் குறையாமல். உள்ளே போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினான்.

ஜெஸீமாவின் மடியில், முக்காட்டுக்குள், கிருஷ்ணகுமாரியின் மகன் பால் குடித்துக்கொண்டிருந்தான்.

கிருஷ்ணகுமாரி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சற்று முன் பட்ட அந்தச் சந்தோஷம் இப்போது முள்ளாகக் குத்தியது.

"யார்ட புள்ளன்னும் தெரியா தங்கச்சி. அழுற சத்தத்தக் கேட்டுக்கிட்டு எனக்கு எழுத ஏலாமப் போச்சு," என்றாள் ஜெஸீமா, பிள்ளையின் தலையைத் தடவியபடி. "எங்கட மார்க்கத்தில பால் குடுத்தா சொந்தப் புள்ளதான். இனி இவர் என்ட மகளுக்குக் கூடப்பொறந்த நானா, ஒங்கட பேச்சில அண்ணன்."