ஐந்தாவது வாக்கியம்

சாயங்கால வெயில் கீதாவின் நோட்டில் விழுந்து கிடக்கிறது. ‘லூஸ்’ என்ற வினைச்சொல்லை வைத்து ஐந்து வாக்கியம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார் இங்கிலீஷ் டீச்சர்.

“லூசா?” என்கிறாள் ராட்டையில் பட்டுநூல் சுற்றிக்கொண்டிருக்கும் சுபலட்சுமி.

“அந்த லூசு இல்லம்மா. இதுக்குத் தொலைக்கிறதுன்னு அர்த்தம். ஆட்டத்துல தோக்கறதுக்கும் இதான். யாருனா செத்துட்டாலும் இதையேதான் சொல்வாங்களாம்.”

ராட்டை நின்றுவிடுகிறது. பெங்களூரில் பவர்லூம் வேலைக்கென்று பஸ் ஏறிய அவள் புருஷன் தனசேகரன் மூன்று வருஷமாக ஒரு கடிதாசுகூடப் போடவில்லை. தேடிப்போன அவள் தம்பியும் வெறுங்கையோடு திரும்பி வந்தான். நான்கு வாக்கியம் முடித்துவிட்ட கீதா பென்சிலைக் கடித்துக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள்.

“அஞ்சாவது, அப்பாவ வெச்சி எழுதட்டுமா?”

நூல் இறுகி சுபலட்சுமியின் விரல் சிவக்கிறது.

“எழுது. தொலைஞ்சிட்டாருன்னு எழுது.”

“இங்கிலீஷ்ல ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா இருக்கும். படிக்கிறவங்களுக்கு எதுன்னு தெரியாது.”

“அவங்க எப்படினா நெனச்சிக்கட்டும். நீ தொலைஞ்சிட்டாருன்னு நெனச்சிகினு எழுது.”

கீதா குனிந்து, பென்சிலை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதுகிறாள்.