தொந்திக்கு இடம்

"எவனோ ஒருத்தன் தொந்திக்கு இடம் வேணும்னு என்னை முன்னால தள்ளினான். தளர்த்தின நட்டைத் திரும்ப முறுக்காமலே இறங்கிப் போயிட்டான்" என்று பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்டீயரிங் பொருமியது. நாளைக்கு மலையிலிருந்து இறங்க வேண்டும். வளைவில் இது ஆடினால் கார் பள்ளத்தில்தான்.

ஸ்டீயரிங் தண்டின் இடுக்கில் யாரோ செருகியிருந்த சைக்கிள் ட்யூப் துண்டு சிரித்தது. "நான் முட்டுக் கொடுக்கிறேனே அண்ணே, அப்புறம் என்ன பயம்?"

"நீ ஆட்டத்தை மறைச்சே, இறுக்கிப் பிடிச்சு நிறுத்தலை" என்றது, ஸ்டீயரிங்கை நகராமல் இறுக்க வேண்டிய, கையால் திருகும் பூட்டு நட்டு. "நீ வந்ததிலிருந்துதான் என்னை ஒருத்தனும் தொடுறதில்லை."

காலையில் மெக்கானிக் செல்வமேரி ட்யூப் துண்டைப் பிடுங்கி எறிந்தாள். நட்டைத் துடைத்து நன்றாக முறுக்கினாள். ஸ்டீயரிங் அசையவில்லை. மலைப்பாதையில் சக்கரங்கள் சொன்னபடி திரும்பின. நட்டுக்குப் பெருமை பிடிபடவில்லை.

பாதி வழியில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்த கார்க்காரர், இடம் போதாமல் நட்டைத் தளர்த்தி ஸ்டீயரிங்கை முன்னே தள்ளினார். பிறகு சாவியைத் தேடினார்.

"யோவ், நீதானா அது? தாராளமாத் தள்ளிக்கோ, தொந்தி உன்னுது" என்றது ஸ்டீயரிங். "ஆனா இந்தத் தடவையாவது முறுக்கிட்டு வண்டியை எடு."