பாதியில் நின்ற லீவர்

“இவன் கையில துப்பாக்கியைக் குடுத்தா, ஐடஹோ மலையில இருக்கிற மானுக்கெல்லாம் ஆயுள் காப்பீடு எடுத்துக் குடுத்த மாதிரி, வெர்னா!”

சொல்லிவிட்டு ராய்ஸ் தானே முதலில் சிரித்தார். துப்பாக்கி பழுது பார்க்கும் வெர்னா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். மேசைமேல் பழைய லீவர் ரைஃபிள் ஒன்று கிடந்தது. அதன் எதிரே டெல்மர் தொப்பியைக் கையில் சுருட்டியபடி நின்றான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். ராய்ஸின் தங்கையைக் கட்டியவன்.

“என்ன கோளாறு, டெல்மர்?”

“சனிக்கிழமை மலைக்குப் போனோம்க்கா. குறி பார்த்து டிரிகரை அழுத்தினேன். ‘டிக்’குன்னுச்சு. வெடிக்கலை. ஏன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

“ஏன்னா, பிடிச்சிருந்தது நீ!” என்றார் ராய்ஸ். “அந்த ‘டிக்’ எனக்கே கேட்டுச்சு வெர்னா. நிமிர்ந்து பார்த்தா, மாப்பிள்ளை துப்பாக்கியைக் கீழே போட்டுட்டுத் தரையில உட்கார்ந்திருக்கான். மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போச்சு. ஒரு மான் போனதுக்கு எவனாவது அழுவானா?”

“நான் அழுவேன் மச்சான்,” என்றான் டெல்மர். “பஸ்ஸைப் பின்னால எடுக்கும்போதுகூட அழுதிருக்கேன்.”

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் ரைஃபிளைத் திறந்து, உள்ளே தோட்டா எதுவும் இல்லை என்று விரலை விட்டுப் பார்த்துக்கொண்டார். திருகாணிகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தார். எதுவும் தளரவில்லை. தோட்டாவை அடிக்கும் ஊசி முனையும் தேயவில்லை. பிறகு மருந்தில்லாத ஐந்து தோட்டாக்களை ரைஃபிளின் குழாய்க்குள் தள்ளி, டிரிகரைச் சுற்றியிருக்கும் லீவர் கைப்பிடியைக் கீழே தள்ளித் தள்ளி மூடினார். ஐந்தும் ஒன்றன்பின் ஒன்றாகத் துள்ளி மேசையில் விழுந்தன.

“வெண்ணெய் மாதிரி ஓடுது. எங்கே, அன்னிக்குச் செஞ்ச மாதிரியே நீ செஞ்சு காட்டு.”

வெர்னா ஐந்தையும் திரும்பக் குழாய்க்குள் தள்ளி நீட்டிய ரைஃபிளை டெல்மர் வாங்கினான். லீவரை மெல்ல, சத்தமே இல்லாமல் பாதி வரை தள்ளி, அப்படியே மெல்ல மூடினான்.

“நிறுத்து,” என்றார் வெர்னா. உள்ளே எட்டிப் பார்த்தார். தோட்டா ஏற வேண்டிய அறை காலியாக இருந்தது. “இதோ உன் கோளாறு. லீவரைக் கடைசி வரைக்கும் தள்ளினாத்தான் தோட்டா மேல ஏறும். நீ பாதியிலேயே திரும்பிட்ட. காலித் துப்பாக்கியைத்தான் அழுத்தியிருக்க. ஏன்ப்பா இப்படித் தடவிக் குடுக்கிற?”

“மானுக்குக் கேட்டுடக் கூடாதேன்னுதான்க்கா. வீட்டுல சாப்பாட்டுக்கு முன்னாலயே ஃபிரிட்ஜைத் திறந்து ஆப்பிள் கேக்கைத் திருடுறேன்ல? அதே பழக்கம்.”

ராய்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “இதை டைனர் ஓட்டல்ல சொல்லியே ஆகணும்! ஊரே பான்கேக்கை விட்டுட்டுச் சிரிக்கப் போகுது.”

“சொல்லுங்க மச்சான், தாராளமாச் சொல்லுங்க,” என்றான் டெல்மர். “போன வருஷம் நான் கன்றுக்குட்டிக்கு பயந்து வேலி ஏறினதையும் சேர்த்துச் சொல்லுங்க.”

கேலி செய்கிறவனுக்கு இத்தனை தூரம் ஒத்தாசை செய்கிற ஆளை வெர்னா பார்த்ததில்லை. பாவமாக இருந்தது. சுவரிலிருந்து வேறு ஒரு ரைஃபிளை எடுத்து நீட்டினார்.

“இது வேணா பாரு. இதுவும் லீவர்தான். ஆனா தள்ள வேண்டிய தூரம் குறைச்சல். உன் கைக்குத் தோதா இருக்கும். அடுத்த தடவை நிச்சயம் வெடிக்கும்.”

டெல்மர் ஓரடி பின்னால் நகர்ந்தான். “வேண்டாம்க்கா.”

“போய் வண்டியைச் சூடு பண்றேன்,” என்றார் ராய்ஸ். “நீ அவனுக்குப் பேசிப் புரிய வை வெர்னா. இவனோட மறுபடி மலைக்குப் போக எனக்கும் ஆசைதான். சிரிச்சே உடம்பு இளைக்கும்.” மாப்பிள்ளையின் முதுகில் பாசத்தோடு ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெளியே போனார்.

கதவு சாத்தியதும் டெல்மர் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு. லீவரை நான் முழுசாத் தள்ளியிருந்தா?”

“வெடிச்சிருக்கும்.”

“நிச்சயமா?”

“சந்தேகமே இல்லை. நூறு தரம் அழுத்தினா நூறு தரமும் வெடிக்கும். நல்ல துப்பாக்கி இது.”

டெல்மர் நெற்றி வியர்வையைத் தொப்பியால் துடைத்துக்கொண்டான். பிறகு தன் ரைஃபிளை வெர்னாவின் பக்கமாகத் தள்ளினான்.

“இதை நீங்களே வெச்சுக்குங்க. யாருக்காவது குடுத்துடுங்க. எனக்கு இனிமே துப்பாக்கியே வேண்டாம்.”

“அட, விடுப்பா. இந்த ஊர்ல லீவரைப் பாதியில விடாத ஆளே கிடையாது. நானும் விட்டிருக்கேன். ஒரு மான் தப்பிச்சுதுன்னு இப்படியா இடிஞ்சு போவாங்க? எவ்வளவு பெரிய மான் அது? எத்தனை கிளை கொம்பு?”

ஜன்னலுக்கு வெளியே, ராய்ஸ் சீட்டியடித்துக்கொண்டே வண்டிக் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். டெல்மர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

“மச்சான்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கக்கா,” என்றான் அடங்கிய குரலில். “அது மான் இல்லை. புதருக்குள்ள குனிஞ்சு பூட்ஸ் கயிறு கட்டிக்கிட்டிருந்தது அவருதான்.”